சுய்கெட்சு ஏரியின் ஆண்டுவரிகள்

கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது, வண்டல் வெட்டி வண்டியில் ஏற்றுகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மண்வெட்டி நேர்க்குத்தாக இறங்கிய பக்கச் சுவரில் மண் ஒரே நிறமாக இருக்காது. மேலே பாளம் பாளமாக வெடித்த கரம்பை. அதற்குக் கீழே ஒரு சாண் கருத்த களி. அதனடியில் விரல் கனத்துக்கு வெளுத்த மணல், மறுபடியும் களி. ஊர்ப் பெரியவர் அந்த மணல் கோட்டைக் காட்டி, பெருமழையில் ஓடை புரண்டு வந்தபோது விழுந்தது என்பார். எந்த வருஷம் ஐயா என்று கேட்டால், "பெரிய புயல் அடிச்சுதே, அந்த வருஷம்" என்பார். மண்ணை வாசிக்கும் கலை அவருடைய முதல் பதிலிலேயே இருக்கிறது. அந்தக் கலையின் சிக்கல் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

ஏரிப் படிவுகளைக் கொண்டு பழங்காலத்து மழையையும் வெயிலையும் காட்டையும் அறிய முயல்பவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பட்ட பாட்டில் பெரும்பகுதி, 'எப்போது' என்ற அந்த ஒரு சொல்லுக்காகப் பட்ட பாடுதான். காலம் நிச்சயமாகாத வரை வறட்சி வந்தது, குளிர் விலகியது என்ற செய்திகளால் பெரிய பயன் இல்லை. ஓரிடத்தில் வந்த வறட்சியும் இன்னோரிடத்தில் வந்த வறட்சியும் ஒன்றா வேறா என்று சொல்ல முடியாது. எது முந்தியது, எது காரணம், எது விளைவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

1880-களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஜெரார்டு டி கீர் இதற்கு ஒரு வழி கண்டார். பனியாறு உருகிய நீர் தேங்கிய இடங்களில் கோடையில் ஒரு பருமணல் அடுக்கும் குளிர்காலத்தில் ஒரு மென்களி அடுக்கும் மாறி மாறிப் படிந்திருந்தன. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல் களியின் அடுக்கை எண்ணினால் காலம் தெரியும். ஸ்வீடிஷ் மொழியில் அடுக்கு என்று பொருள்படும் 'வார்வ்' என்ற சொல்லையே அவர் இதற்குப் பெயராக்கினார். ஜப்பானியர் இதை 'நென்கோ' என்கிறார்கள். 'நென்' என்றால் ஆண்டு, 'கோ' என்பது துணியில் ஓடுகிற வரி. தமிழில் ஆண்டுவரி என்று சொல்லிவிடலாம். எழுத்தின் வரி, வேங்கையின் உடலில் உள்ள வரி என்ற இரண்டு பொருளும் நம் சொல்லில் இருப்பதால் இந்தப் பெயர் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் எல்லா ஏரியும் ஆண்டுவரி போடாது. நம் ஊர் ஏரியும் கண்மாயும் ஆழம் குறைந்தவை. வருஷத்துக்கு ஒருமுறை வற்றிப்போகிறவை. வற்றிய தரையில் மாடு மேயும், வெடிப்பு விழும், வேர் இறங்கும். பிறகு தூர் வாருவார்கள், வாரவும் வேண்டும். வற்றாத ஏரியிலும் அடியில் காற்று கலந்த நீர் இருந்தால் புழுவும் நத்தையும் சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். இந்த வருஷத்து வண்டல் போன வருஷத்து வண்டலோடு கலந்துவிடும். ஆண்டுவரி நிலைக்க வேண்டுமென்றால் ஏரி ஆழமாக இருக்க வேண்டும். அடியில் பிராணவாயு இல்லாமல் போக வேண்டும். காற்று நீரைப் புரட்டக் கூடாது. பெரிய ஆறு நேராக வந்து கொட்டக் கூடாது. இத்தனைக்கும் மேலாக, ஏரி தூர்ந்துபோகாமலும் இருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ பொருந்துகிற ஏரிகள் பல உண்டு. எல்லாமே பொருந்திய ஏரி ஜப்பானில், ஃபுகுய் மாகாணத்தின் வகாசா ஊரில் இருக்கிறது.

அதன் பெயர் சுய்கெட்சு. அந்த எழுத்துகளுக்கு நீர், நிலவு என்று பொருள். ஜப்பான் கடலை ஒட்டி அடுத்தடுத்துக் கிடக்கும் மிகாதா ஐந்து ஏரிகளில் இது ஒன்று. ஆழம் 34 மீட்டர். சுற்றிலும் குன்றுகள் நிற்பதால் காற்று அடங்கியே வீசும். ஹாசு என்ற ஆறு முதலில் பக்கத்து மிகாதா ஏரியில்தான் விழுகிறது. மணலும் கூழாங்கல்லும் அங்கேயே தங்கிவிட, தெளிந்த நீர் ஒரு குறுகிய வாய் வழியாக சுய்கெட்சுவுக்கு வருகிறது. நம் வீடுகளில் மண்பானைக்கு மேலே துணி கட்டி நீர் வார்ப்பதுபோல, மிகாதா ஏரி வடிதுணியாக இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு நிலப்பிளவு ஓடுகிறது. அதன் அசைவால் ஏரியின் தரை காலம் காலமாகத் தாழ்ந்துகொண்டே வருகிறது. மேலிருந்து வண்டல் விழுகிற வேகத்துக்குத் தரையும் கீழே இறங்குவதால் ஏரி நிரம்புவதே இல்லை. இந்த ஏற்பாடு எழுபதாயிரம் ஆண்டுகள் கலையாமல் நடந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஓர் ஆண்டு அந்த ஏரியடியில் எப்படி எழுதப்படுகிறது? வசந்தத்தில் டயாட்டம் என்னும் நுண்பாசி நீரின் மேல்தட்டில் பெருகுகிறது. கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு கொண்ட உயிர் அது. செத்ததும் ஓடு மெல்லக் கீழே இறங்குகிறது. கோடை மழை குன்றுகளிலிருந்து மண்ணைக் கரைத்து வருகிறது. இலையுதிர் காலம்வரை மட்கிய பொருளும் பாசியின் மிச்சமும் விழுந்துகொண்டே இருக்கும். இவையெல்லாம் சேர்ந்து கருத்த வரி. குளிர் இறங்கும்போது நீரில் கரைந்திருந்த இரும்பு ஒரு கனிமமாகத் திரண்டு படிகிறது. ஆசியப் பெருநிலத்திலிருந்து காற்று கொண்டுவரும் மஞ்சள் தூசியும் அதனோடு சேர்கிறது. அது வெளுத்த வரி. கருப்பு ஒன்று, வெளுப்பு ஒன்று, ஓர் ஆண்டு கழிந்தது. சேற்றின் கனத்தில் அதன் சராசரி 0.7 மில்லிமீட்டர்தான். ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் உள்ளங்கை அகலத்துக்குள் முடிந்துவிடும்.

1991-இல் யோஷினோரி யசுதாவின் குழு இந்த வரிகளைக் கண்டது. 1993-இல் ஏரியின் நடுவே மிதவை நிறுத்தித் துளையிட்டு, ஏறக்குறைய 75 மீட்டர் நீளத்துக்குச் சேற்றை உருளை உருளையாக மேலே எடுத்தார்கள். ஹிரோயுகி கிடகாவா அந்த வரிகளை எண்ணினார். சேற்றுக்குள் அகப்பட்ட இலைகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் அளந்து, நெதர்லாந்தைச் சேர்ந்த யோஹன்னஸ் வான் டெர் பிளிக்டோடு சேர்ந்து 1998-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார். பெரிய உழைப்பு அது. உலகமே வரவேற்றது. ஆனாலும் அந்தக் கணக்கு மற்ற இடங்களின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. பழைய காலத்துக்குப் போகப் போக விலகல் கூடிக்கொண்டே போயிற்று. கார்பன் காலத்தைத் திருத்த உலகம் முழுதும் பயன்படுத்துகிற பொது அட்டவணையில் சுய்கெட்சுவைச் சேர்க்காமலே விட்டார்கள்.

காரணம் எண்ணியவரிடம் இல்லை. அத்தனை நீளச் சேற்றை ஒரே உருளையாக எடுக்க முடியாது. குழாயை இறக்கி ஒரு துண்டை எடுத்து, மறுபடி அதே துளையில் இறக்கி அடுத்த துண்டை எடுக்க வேண்டும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் சேறு நழுவிவிட்டது. 0.7 மில்லிமீட்டருக்கு ஓர் ஆண்டு என்றால், ஏழு சென்டிமீட்டர் நழுவும்போது நூறு ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். தைத்த ஏட்டில் நடுநடுவே தாள் கிழிந்திருந்தும் பக்க எண் தொடர்ச்சியாகப் போட்டுவிட்ட கதைதான்.

2006-இல் தகேஷி நகாகவா என்ற மகரந்த ஆய்வாளர் இதைச் சரிசெய்யக் கிளம்பினார். அவர் செய்த மாற்றம் கேட்பதற்கு எளியது. ஒரு துளைக்குப் பதில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு துளை. ஒரு துளையில் துண்டு முடிகிற ஆழம் அடுத்த துளையில் துண்டின் நடுப்பகுதியாக இருக்கும்படி ஆழங்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் இருக்கும். வெள்ளத்தில் வந்த பருத்த அடுக்கு, எரிமலைச் சாம்பல் போன்ற அடையாளங்களை வைத்து நான்கையும் வரிக்கு வரி பொருத்தினார்கள். 73 மீட்டர், இடைவெளியே இல்லாமல். அதில் 45 மீட்டரில் ஆண்டுவரி தெரிகிறது.

உருளையை நீளவாக்கில் பிளந்தவுடன் வேலை அவசரமாகிவிடும். பல்லாயிரம் ஆண்டு காற்றே படாமல் கிடந்த சேறு அது. காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் இரும்பு துருவேறத் தொடங்கி நிறம் மாறி, வரிகள் மங்கும். அதனால் பிளந்த கையோடு படம் எடுத்துவிடுவார்கள். பிறகு எண்ணுகிற வேலை. இதை இரண்டு குழுக்கள் தனித்தனியே செய்தன. ஒரு குழு சேற்றைப் பிசினில் ஊறவைத்து இறுக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்து எண்ணியது. இன்னொரு குழு எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, இரும்பு போன்ற தனிமங்கள் ஏறி இறங்குவதை வைத்து எண்ணியது. பிறகு இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வரி மங்கலாக இருந்த இடங்களில், அக்கம்பக்கத்தில் தெளிவாக உள்ள வரிகளின் கனத்தைக் கொண்டு எத்தனை ஆண்டு விடுபட்டிருக்கும் என்று கணித்து, அந்த ஐயத்தையும் கணக்கிலேயே எழுதி வைத்தார்கள். அளவு சொல்லும்போது பிழையின் அளவையும் சேர்த்துச் சொல்லும் இந்த நேர்மைதான் இந்தத் துறையில் நான் மதிக்கிற முதல் குணம்.

இனி இலைக்கு வருவோம். உயிருள்ள ஒவ்வொரு செடியும் காற்றிலிருந்து கார்பன் எடுத்துக்கொள்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள கார்பன்-14. செடி மாண்டபின் புதிதாக எதுவும் சேராது. இருப்பது 5,730 ஆண்டுக்குப் பாதியாகத் தேய்கிறது. மிச்சத்தை அளந்தால் வயது தெரியும் என்று வில்லார்டு லிபி 1940-களின் இறுதியில் காட்டினார். 1960-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. காற்றில் கார்பன்-14 எக்காலத்திலும் ஒரே அளவாக இருந்ததில்லை. பூமியின் காந்தப்புலம் தளர்ந்த காலங்களில் விண்வெளிக் கதிர்கள் அதிகமாக இறங்கி, கார்பன்-14 கூடுதலாக உண்டாகியிருக்கிறது. அப்படிப்பட்ட காலத்து இலை தன் வயதைக் குறைத்துச் சொல்லும். 30,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த இலையை அளந்தால் ஏறக்குறைய 26,000 என்றுதான் வரும்.

ஆகவே ஒரு திருத்த அட்டவணை வேண்டும். கடந்த சுமார் 13,900 ஆண்டுகளுக்கு மர வளையங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அதற்கு முந்திய காலத்துக்கு மரத் தொடர் அறுந்துபோகிறது. கடலடி ஓடுகளும் பவளமும் இருக்கின்றன. ஆனால் அவை கடல்நீரின் கார்பனை வாங்கியவை, அது காற்றின் கார்பனைவிடப் பழையது. குகைகளில் சொட்டுச் சொட்டாக வளரும் கற்கூம்புகள் இருக்கின்றன. அவற்றில் சுண்ணாம்புப் பாறையின் செத்த கார்பன் கலந்திருக்கிறது. காற்றிலிருந்து நேரடியாக வாங்கிய கார்பன், பக்கத்திலேயே எண்ணப்பட்ட ஆண்டு, இரண்டும் சேர்ந்து கிடைத்த இடம் சுய்கெட்சுவின் இலைகள். 800-க்கும் மேற்பட்ட இலை, குச்சி மாதிரிகளை அளந்தார்கள். 2012-இல் கிறிஸ்டோபர் பிராங்க் ராம்சேயும் நகாகவாவும் மற்றவர்களும் 11,200 ஆண்டு முதல் 52,800 ஆண்டு வரையான தொடரை வெளியிட்டார்கள். 2013-ஆம் ஆண்டின் உலகப் பொது அட்டவணையில் சுய்கெட்சு சேர்ந்தது. 2020-இல் வந்த புதிய அட்டவணையிலும் அது இருக்கிறது.

ஏரியும் தனியாக எல்லாவற்றையும் சாதித்துவிடவில்லை. வரி எண்ணுவதில் சேரும் சிறு பிழைகள் ஆழத்தில் பெரிதாகும். சீனாவின் ஹூலு குகையில் உள்ள கற்கூம்புகளை யுரேனியம் முறையில் துல்லியமாகக் காலம் கணிக்கலாம். ஏரியின் கார்பன் ஏற்ற இறக்கத்தைக் குகையின் ஏற்ற இறக்கத்தோடு பொருத்தி இழுத்துக் கட்டினார்கள். இலை காற்றுக்குச் சாட்சி. கல் காலத்துக்குச் சாட்சி. ஒன்றின் குறையை மற்றது நிரப்பியது.

இதெல்லாம் எங்கோ ஜப்பானில் நடப்பது என்று தள்ளிவிட வேண்டாம். கீழடியில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று 2019-இல் அறிவித்தபோது நாம் கொண்டாடினோம். அந்தத் தேதியும் இதே வகைத் திருத்த அட்டவணையின் வழியாக, அதன் மர வளையப் பகுதியைக் கடந்து வந்ததுதான். கி.மு. 800 முதல் 400 வரை அந்த அட்டவணையின் கோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுக்குள் வருகிற பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கார்பன் அளவைக் காட்டும். தேதியும் நீண்ட இடைவெளியாகவே வரும். நம் வரலாற்றில் நாம் மிகவும் அறிய விரும்புகிற காலம் சரியாக அங்கே விழுகிறது. மேடையில் ஒற்றை ஆண்டைச் சொல்லி முழங்குமுன் இதை நினைவில் வைப்பது நல்லது.

காலம் நிச்சயமானபின், காலநிலைக்கு வரலாம். அதைச் சொல்வது பெரும்பாலும் மகரந்தம். மகரந்தத் தூளின் மேலோடு இயற்கையில் உள்ள மிகக் கெட்டியான பொருள்களில் ஒன்று. காற்றில்லாச் சேற்றில் அழியாமல் கிடக்கும். ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து, அமிலங்களில் சுண்ணாம்பையும் மணலையும் கரைத்து நீக்கினால் மகரந்தம் மிஞ்சும். நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு முகம். பைன் மகரந்தத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுப் பை. புல் மகரந்தம் ஒற்றைத் துளையுள்ள உருண்டை. ஒரு மாதிரிக்குச் சில நூறு மணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணுவார்கள். குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் எந்த வரியில் குறைந்து, ஓக் மரங்கள் எந்த வரியில் கூடின என்று அப்போது தெரியும்.

அதிலிருந்து வெப்பநிலை எண்ணுக்கு எப்படிப் போவது? இன்று ஜப்பான் முழுதும் பல இடங்களில் தரைமண்ணில் விழுந்த மகரந்தக் கலவையைச் சேகரித்து, அந்தந்த இடத்தின் வெப்பத்தையும் மழையையும் குறித்து வைக்கிறார்கள். பழைய சேற்றின் கலவை இன்றைய எந்த இடத்தின் கலவையை ஒத்திருக்கிறதோ, அந்த இடத்தின் காலநிலை அன்று இங்கே இருந்தது என்று கொள்கிறார்கள். நல்ல முறைதான், ஆனால் மயக்கங்கள் உண்டு. பைன் மகரந்தம் காற்றில் வெகுதூரம் வரும்; மகரந்தம் இருப்பதால் மரம் பக்கத்தில் இருந்தது என்று ஆகாது. மனிதன் காட்டை வெட்டிய காலத்தில் மரம் குறைந்ததற்கு வானத்தைக் குற்றம் சொல்ல முடியாது. இன்று எங்குமே இல்லாத கலவை அன்று இருந்திருந்தால் ஒப்பிட இடமே கிடைக்காது. ஆகவே டயாட்டம், தூசி, கனிமம் என வேறு சாட்சிகளையும் கூப்பிடுகிறார்கள்.

கடைசிப் பனியுகம் விலகியபோது ஜப்பானில் வெப்பம் ஏறி இறங்கிய வேளையும் வட அட்லாண்டிக்கில் ஏறி இறங்கிய வேளையும் சில நூற்றாண்டு வேறுபட்டன என்று நகாகவா குழு 2003-இல் எழுதியது. உலகம் முழுதும் ஒரே மணியடித்து மாறியதா, ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்துக்குப் பரவியதா என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. இரண்டு இடத்துக் கடிகாரங்களும் சரியாக இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. நான்கு துளை போட்டதும் இரண்டு குழு எண்ணியதும் இதற்குத்தான்.

காலநிலை தவிர வேறு சிலவும் அந்தச் சேற்றில் உண்டு. சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் தெற்கே அய்ரா எரிமலை வெடித்த சாம்பலும், சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் கிகாய் வெடித்த சாம்பலும் தெளிவான பட்டைகளாகக் கிடக்கின்றன. 1662-இல் பெரிய நிலநடுக்கம் வந்து தரை உயர, ஏரிகளின் நீர் வெளியேற வழியின்றி ஊர்களுக்குள் புகுந்தது. குன்றை வெட்டிக் கால்வாய் எடுத்தார்கள், 1664-இல் முடிந்தது. வெள்ளம் வடிந்தது, ஆனால் அந்த வழியாகக் கடல்நீரும் வந்து சேர்ந்தது. எழுபதாயிரம் ஆண்டு ஏட்டில் மனிதன் கைவைத்த இடம் இது. இப்போது அந்த 45 மீட்டர் வரிகளையும் கண்ணாடிகளுக்கு இடையே பதித்து, பின்னால் விளக்கு வைத்து, வகாசாவில் 2018-இல் திறந்த ஆண்டுவரி அருங்காட்சியகத்தில் சுவர் நீளத்துக்குக் காட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஏரிக்கு நெருங்கிய சொந்தம் நீலகிரியில் இருக்கிறது. மேல்மலைப் புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவே பள்ளங்களில் நீர் ஊறிக் கிடக்கும் சதுப்புகளில், முழுதாக மட்காத செடிகொடி அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது. ஆர். சுகுமாரும் ஆர். ரமேஷும் மற்றவர்களும் அதை வெட்டி எடுத்து, கார்பனின் நிலையான இரண்டு வகைகளின் விகிதத்தை அளந்து, 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மரங்கள் ஒரு விகிதத்தில் கார்பனை எடுக்கும். வெப்பநாட்டுப் புற்கள் வேறொரு விகிதத்தில் எடுக்கும். எது மிகுந்தது என்று பார்த்து, கடந்த 20,000 ஆண்டுகளில் தென்னகத்துப் பருவமழை கூடியதையும் குறைந்ததையும் படித்தார்கள். அங்கே ஆண்டுவரி கிடையாது. காலத்தை நூற்றாண்டுக் கணக்கில்தான் சொல்ல முடியும். ஆனாலும் நம் மழையைப் பற்றி நம் மண்ணே வைத்திருக்கும் பழைய ஏடு அது.

அந்தச் சதுப்புகளில் பலவற்றை வடித்துக் காய்கறித் தோட்டமாக்கிவிட்டோம். மிஞ்சியிருப்பவற்றில் கால்வாய் வெட்டி நீரை இறக்கினால், காற்றுப் பட்ட சேறு மட்கத் தொடங்கும். ஏர் ஓட்டினால் அடுக்கு கலைந்துவிடும். பிறகு எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதை மீட்க முடியாது. அரசும் பல்கலைக்கழகங்களும் அந்தச் சதுப்புகளை வடிப்பதைத் தடுக்க வேண்டும். தடுக்க முடியாத இடத்தில், முதல் மண்வெட்டி விழுமுன் ஒவ்வொரு சதுப்பிலிருந்தும் இரண்டு உருளைகளையாவது அடிவரை எடுத்துக் குளிர்அறையில் வைத்துவிடுங்கள். எண்ணுகிறவர் பிறகு வருவார்.